என்னை விற்க நாலு பக்கம்

மீடியா கிட் என்ற சொல்லை இப்போது கேட்டாலும் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. துப்புவதற்குத்தான். வலைப்பூ எழுதுகிறவர்களும், கம்பெனிகளுக்குக் கூலிக்கு எழுதிக் கொடுக்கிறவர்களும், தங்களைப் பற்றித் தாங்களே தயாரித்து அனுப்பும் விளம்பரத் தாள் அது. நான் யார், என்னை எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, என்னை யார் யார் புகழ்ந்திருக்கிறார்கள், என்னை வைத்து என்னென்ன விற்கலாம், எல்லாம் படத்தோடு இருக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஜாதகமும் போட்டோவும் கொடுத்தனுப்புகிற மாதிரிதான். ஜாதகத்தையாவது வேறொருவர் கணித்துக் கொடுப்பார். இதில் பெண்ணே உட்கார்ந்து, நான் நல்ல நிறம், அடக்கமானவள், வீட்டு வேலை எல்லாம் தெரியும் என்று எழுதியாக வேண்டும்.

இந்தக் கிட் விவகாரத்துக்கு முன்னால் நான் சென்னையில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன். செல்போன் உறைக்கும் தலைமுடி எண்ணெய்க்கும் வர்ணனை எழுதும் வேலை. அந்த வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அதன் அசட்டுத்தனம் தாங்காமல், எனக்கென்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். எங்கள் கொல்லிமலையைப் பற்றித்தான் எழுதினேன். ஆனால் அருவியையும் மேகத்தையும் பற்றி ஒரு வரி கூட எழுதியதில்லை. எந்தச் சாமை குழையும், எது உதிரியாக நிற்கும், மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, மழைக்காலத்தில் எந்த வளைவில் லாரி சிக்கும், பலாப்பழம் வாங்குகிறேன் என்று வந்து பாட்டிலை வீசிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்யலாம், இந்த மாதிரி விஷயங்கள். திட்டுவதற்கு எனக்கு நன்றாக வரும். அதற்காகவே படித்தவர்கள் உண்டு.

ஒரு தை மாதம் மிளகு பறிக்கும்போது அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். எங்கள் பக்கம் ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான். கணுவுக்குக் கணு மிதி விட்டிருக்கும். அதைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஏறி, கொடியில் தொங்கும் சரங்களைப் பறிக்க வேண்டும். விழுந்ததில் இடுப்பெலும்பு போய்விட்டது. நாமக்கல்லில் கம்பி வைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவரால் வாசல் வரை நடக்க முடிந்தது, அவ்வளவுதான். நான் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்தேன்.

வந்தவுடனே அடிவாரத்திலிருந்து மிளகு வியாபாரி ஒருவர் ஆள் அனுப்பினார். தோட்டத்தை நீண்ட குத்தகைக்குக் கேட்டார். நல்ல மனிதர், நியாயமான பேச்சு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்குக் கோயில் கூட்டம் மலையேறுவதற்குள் ஒரு முடிவு சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் கணக்கு எளிமையானது. எனக்கு மாதாமாதம் எழுத்தில் ஏதாவது வந்தால் நான் வீட்டோடு இருந்து, ஆள் வைத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வேன். வராவிட்டால் தோட்டம் குத்தகைக்குப் போகும், நான் சென்னைக்குத் திரும்புவேன். இதைப் பற்றி அப்பா ஒரே ஒரு தடவை பேசினார்.

"குத்தகைக்கு உட்டுட்டா, அப்பறம் நா இங்க உக்காந்து ஆரு கொடியப் பாத்துக்கிட்டிருக்கறது?"

அவர் உட்காரும் ஜன்னலுக்கு நேரே தோட்டம்தான். அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுத உட்காரும்போதெல்லாம் காதில் விழும்.

சித்திரை மாதம் அந்த அழைப்பு வந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பேசினேன். பெங்களூரில் ஏதோ விளம்பர ஏஜென்சியில் வேலை பார்க்கும் பையன். குரல் பையன் மாதிரி இருந்ததால் பையன் என்கிறேன்.

"மேம், உங்க பிளாக் ஃபுல்லா படிச்சுட்டேன். செம ரா-வா இருக்கு மேம். எங்க கிளையன்ட் ஒருத்தர் மில்லட் ஸ்நாக்ஸ் பண்றாங்க. ஹில்ஸ்லருந்து ஒரு வாய்ஸ் தேடறாங்க. ஒன் இயர், வீக்லி ரெண்டு போஸ்ட். உங்க மீடியா கிட் மட்டும் அனுப்பிடுங்க மேம்."

ஒரு வருடம். வாரம் இரண்டு. நான் தொட்டிச் சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் கிட் எதுவும் இல்லை என்று சொன்னதும் அவன் சிரித்துவிட்டு, மாதிரிக்கு ஒன்று அனுப்பினான்.

அந்த மாதிரியை நான் மறக்கமாட்டேன். ரோஸ் நிறப் பின்னணியில் ஒரு பெண், கையில் காபிக் கோப்பையோடு, யாருமே இல்லாத பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே, 'கதைசொல்லி. கனவுகளைத் துரத்துபவள். மழையின் காதலி.' அடுத்த பக்கத்தில் வட்ட வட்டமாகக் கணக்குகள். அதற்கடுத்து அவள் இதுவரை நேசித்த பொருட்கள். ஒரு சோப்பு, ஒரு மெத்தை, ஒரு காப்பீட்டுத் திட்டம், குழந்தைகளுக்கான ஒரு சத்துமாவு. எல்லாவற்றையும் அவள் ஒரே அளவில் நேசித்திருந்தாள். கடைசியில் அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னது, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டு. 'இவள் தொட்டதெல்லாம் மாயம்' என்று மெத்தைக் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

மழையின் காதலியாம். அவளை ஐப்பசியில் எங்கள் ஊருக்குக் கூட்டிவந்து, காயாத பாவாடையோடு ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். களத்தில் காயப் போட்ட மரவள்ளிக் கிழங்கு பூசணம் பிடிக்கும்போது அவள் காதலைப் பார்க்கலாம். ஆனாலும் அந்தத் தாளை நான் மூடவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்து, எதற்குப் பின் எது வருகிறது என்று தெரிந்துகொண்டு, என்னுடையதைத் தயாரிக்க உட்கார்ந்தேன். எனக்கு அந்த ஒரு வருடம் தேவைப்பட்டது.

முதல் பக்கத்தில் 'நான்' என்று எழுதக்கூடாதாம், 'இவர்' என்று எழுத வேண்டுமாம். இவர் கொல்லிமலையில் திருப்புலி நாட்டில் பிறந்தவர். இவர் மலை உணவைப் பற்றி எழுதுகிறார். இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. எதிரில் அம்மா கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கும்போது என்னை நானே இவர், அவர் என்று எழுதிக்கொள்வது, கண்ணாடி முன்னால் நின்று கும்பிட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. பேசாமல் அந்த இரண்டு வரியோடு விட்டேன்.

அடுத்தது படிக்கிறவர்களின் கணக்கு. இங்கேதான் என் ஊர்ப்புத்தி வேலை செய்தது. எங்கள் மலையில் இருப்பதை இருக்கிறபடி யாரும் சொல்வதில்லை, குறைத்துத்தான் சொல்வார்கள். கொடி கொள்ளாமல் மிளகு தொங்கும். யாராவது கேட்டால், "ஏதோ கெடக்குதுங்க" என்பார் அப்பா. பால் நிறையக் கறக்கும் மாட்டை, "காபித் தண்ணிக்கு ஆவுது" என்பார் அம்மா. கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். கேட்கிறவருக்கு அந்த வருடம் சரியாக விளையாமல் இருக்கலாம், அவர் எதிரில் நம் மூட்டையைத் தட்டிக் காட்டக்கூடாது என்பது இன்னொன்று. இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கேட்கிறவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அவர் மனதுக்குள் பாதிக்குப் பாதி கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த கை, கிட்டில் எண்ணிக்கையைப் போடும்போது தானாகவே குறைத்தது. நிறையப் பேர் படித்த மாதத்தை, அது ஏதோ அதிர்ஷ்டம் என்று கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மிச்சத்திலும் கொஞ்சம் தள்ளினேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மூன்றாவது, என்னைப் புகழ்ந்தவர்கள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. பெரக்கரை நாட்டுப் பக்கம் சாமையும் தினையும் விற்கும் பெண்கள் குழு ஒன்று உண்டு. அவர்களுடைய சாமையைப் பற்றி நான் எழுதியதும், அந்த வருடச் சாமை முழுக்க விற்றுத் தீர்ந்து, விதைக்கு வைத்ததைக் காப்பாற்றவே சண்டை போட வேண்டியிருந்தது. குழுவின் தலைவியை நான் அத்தை என்பேன். அவரைப் பார்க்கப் போனேன். முறத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அத்தை, என்னையப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லோணுமுங்க."

"எதுக்கு கண்ணு? மாப்ள ஊட்டுக்காரங்க ஆராச்சும் விசாரிக்கறாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. வேல விசயமா. நா எப்பிடி எழுதறேன்னு சொல்லுங்க, அதப் போட்டுக்கறேன்."

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டார். கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார். "நாங்க சொன்னத, சொன்னாப்டியே எழுதுச்சு புள்ள. பரவால்ல."

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஊரே வயிறாரச் சாப்பிட்ட கல்யாணத்தைப் பரவாயில்லை என்பார்கள். தாய் தகப்பனை உள்ளங்கையில் வைத்துத் தாங்கும் மகனைப் பரவாயில்லை என்பார்கள். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று யாராவது இழுத்துச் சொன்னால்தான் பயப்பட வேண்டும். சாப்பாட்டில் உப்பில்லை, எழுந்து போகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். என் அம்மா வாயிலிருந்து என்னைப் பற்றி அந்தப் 'பரவால்ல' வந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. அத்தை சொன்னதை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், கிட்டில் போட்டேன்.

கடைசியாகப் படம். என் படம் மட்டும் போதாது, அம்மாவும் வேண்டும் என்றான் பையன்.

"வேர்கள் காட்டணும் மேம். அம்மா வயல்ல நிக்கற மாதிரி. பழைய சேலை, வெறுங்கால், அந்த மாதிரி. அப்புறம் மேம், அம்மா கையில பச்சை குத்தியிருக்காங்களா? அது இருந்தா ஃபிரேம் வேற லெவல்ல இருக்கும்."

எங்கள் மலையில் அந்தப் பழக்கமே கிடையாது என்று சொன்னேன். எங்கள் பாட்டிமார் பச்சை குத்திக்கொள்ளமாட்டார்கள், குத்திக்கொண்டு வந்தவளை அந்தக் காலத்தில் அடுப்படிக்குள் விடமாட்டார்கள், பக்கத்துப் பச்சைமலையில்தான் அந்த வழக்கம் என்று விளக்கமாகவே சொன்னேன்.

"ஓ, நைஸ்," என்றான். அவன் எதையுமே கேட்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தன்னைப் படம் எடுக்கப் போகிறேன் என்பதே அம்மாவுக்குப் பெரிய காரியமாக இருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது கட்டிக்கொள்ள வாங்கிய நீலச் சேலையை எடுத்துக் கட்டினார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினார், பவுடர் போட்டார், கல் வைத்த தோடு போட்டுக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். வீட்டிலேயே புதிதாகக் கட்டியது அதுதான்.

"செருப்பக் கழட்டிட்டு நில்லும்மா. அவங்க அப்பிடித்தான் கேக்கறாங்க."

"செருப்ப எதுக்குக் கழட்டோணும்? அட்ட ஏறுனா அவனா வந்து புடுங்கி எறிவான்?"

செருப்போடே எடுத்தேன். எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் எதிரில் நின்ற அதே நிமிர்வோடு, கொஞ்சம் முறைப்பாக, அம்மா நிற்பார். நாலு பக்கம் தயாரானதும் தொட்டியடியில் நின்று அனுப்பிவிட்டேன்.

வைகாசி போனது. ஆனியில் மழை பிடித்தது. மிளகுக் கொடிகளில் பூத்திரி விட ஆரம்பித்தது. அப்பா ஜன்னலை விட்டு நகர்வதே இல்லை. வியாபாரி இரண்டு முறை போன் செய்து, அவசரப்படுத்தவில்லை, சும்மாதான் கேட்டேன் என்றார். அப்புறம் ஒரு காலையில், 'சின்னதா பாலிஷ் பண்ணியிருக்கோம் மேம், கிளையன்டுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு' என்ற குறிப்போடு என் மீடியா கிட் எனக்கே திரும்பி வந்தது.

முதல் பக்கத்தில் நான் மலைகளின் மகளாகியிருந்தேன். 'நாகரிகம் தீண்டாத மண்ணிலிருந்து ஒரு குரல்.' நாகரிகம் தீண்டாத மண்ணிலிருந்து நாள் முழுக்கப் பஸ் போய்வருகிறது, அதில் ஏற எங்களுக்கு இடம் கிடைப்பதில்லை, அது அவனுக்குத் தெரியாது. என்னைப் படிக்கிறவர்கள் ஒரே மாதத்தில் பல மடங்கு பெருகியிருந்தார்கள். அத்தையைப் 'பழங்குடித் தலைவி' என்று போட்டிருந்தான். அவர் சொன்னதாக, 'இவள் எழுத்து எங்கள் மண்ணின் மூச்சு' என்று இருந்தது. அத்தை அப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் வீட்டுக்காரர் வேப்பிலையோடு பூசாரியைத் தேடிப் போயிருப்பார்.

அதற்குப் பின்னால் அம்மா.

நான் எடுத்த படம்தான். அந்த முறைப்பும் அப்படியே இருந்தது. ஆனால் தண்ணீர்த் தொட்டியைக் காணோம், அந்த இடத்தில் கூரை வேய்ந்த ஒரு குடிசை இருந்தது. நீலச் சேலை மண் நிறத்துக்கு மாறியிருந்தது. தோட்டை எடுத்துவிட்டார்கள். செருப்பை எடுத்துவிட்டு, யாருடைய கால்களோ, வெடித்த பாதங்கள் இரண்டை ஒட்டியிருந்தார்கள். முகத்தைக் கறுப்பாக்கி, இல்லாத சுருக்கமெல்லாம் இழுத்திருந்தார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தது. புள்ளியும் கோடுமாக, மிக அழகாக, கம்ப்யூட்டர் போட்டது.

அழுகின பழத்தைத் தெரியாமல் கையால் பிசைந்துவிட்டால் ஒரு கூச்சம் உடம்பெல்லாம் ஓடுமே, அப்படி இருந்தது. போனை வைத்துவிட்டுக் கை கழுவினேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் பண்றதுதான் மேம்," என்றான். அவனுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "நீங்க என்ன நம்பர் போட்டாலும் கிளையன்ட் பாதியக் கழிச்சிட்டுத்தான் பாப்பாங்க. எல்லாருமே ஏத்தித்தானே போடறாங்க? உங்க நம்பர்ல பாதி கழிச்சா ஒண்ணுமே இல்ல மேம். அதான் ஏத்தினோம். அப்புறம் அந்த டெஸ்டிமோனியல்... பரவாயில்லைன்னு யாராவது போடுவாங்களா? நெகட்டிவ் ரிவ்யூ மாதிரி இருக்கு."

"அது நெகட்டிவ் இல்ல."

"ஓகே மேம், உங்களுக்கு ஓகே, படிக்கறவங்களுக்கு? அம்மா போட்டோவும் அப்படித்தான். ஏதோ கவர்மென்ட் ஆபீஸ் ஐடி கார்டு மாதிரி இருந்துச்சு. இப்ப பாருங்க, சோல் இருக்கு. கிளையன்ட் இதப் பாத்துத்தான் யெஸ் சொன்னாங்க. இந்த லுக்தான் பேக்கெட்லயும் வரும்னு பேசிட்டிருக்காங்க. நீங்க ஓகேன்னு ஒரு வேர்ட் அனுப்புங்க, நெக்ஸ்ட் வீக் அக்ரிமென்ட்."

எங்கள் ஊரில் கேட்கிறவர் கூட்டிக்கொள்வார் என்று நம்பி நான் குறைத்தேன். அங்கே கேட்கிறவர் கழித்துக்கொள்வார் என்று பயந்து அவன் ஏற்றினான். இரண்டு பக்கமும் வாய்ப்பாடு இருந்தது, நான்தான் எங்கள் வாய்ப்பாட்டோடு போய் அந்தக் கடையில் நின்றிருக்கிறேன்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் போனேன். அப்பா ஜன்னலில் இருந்தார். மழையில் நனைந்த கொடியைப் பார்த்து, எந்த மரத்தில் கொடி கீழே சரிகிறது, எங்கே கட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அருவருப்பை விழுங்கிவிடலாம் என்று தோன்றியது. ஒரு வருடம்தானே. 'ஓகே' என்று போனில் எழுதியும்விட்டேன். அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் காட்டிவிடலாம் என்று மட்டும் நினைத்தேன். முகம் அவருடையது.

அம்மா போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆரு கண்ணு இது? பச்சமலப் பொம்பளையாட்டம் இருக்குது."

"உன்ற படந்தாம்மா. தொட்டிகிட்ட எடுத்தமே, அதான். அவங்க மாத்தியிருக்கறாங்க."

அம்மா மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கிழங்குப் பால் காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"உங்கப்பனப் பெத்தவ இருந்திருந்தா என்னைய அடுப்படிக்குள்ள உட்டிருக்கமாட்டா," என்றார்.

நான் போனைக் கவிழ்த்துப் பிடித்தேன். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இதப் போட்டாத்தான் வேல குடுப்பாங்களா?"

"ஆமாம்மா."

"அப்பன்னா போட்டுக்க சாமி. படந்தான, என்ன தேஞ்சா போவப்போவுது?"

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். சேலைத் தலைப்பை எடுத்து முன்கையைத் துடைத்தார். அடுப்பில் விறகைத் தள்ளினார். திரும்பவும் துடைத்தார். தன்னால் அதை நிறுத்த முடியவில்லை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தால் ஒருவேளை நான் வாதாடியிருப்பேன். போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு இல்லாத கறையை இப்படித் துடைக்கிறவரிடம் என்ன வாதாடுவது? தொட்டியடிக்குப் போய், எழுதி வைத்திருந்ததை அழித்தேன். நான் அனுப்பிய நாலு பக்கத்தையே மறுபடி அனுப்பி, இதுதான் நான், இதில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சம்மதமில்லை, அம்மா படத்தை எங்கேயும் பயன்படுத்தக்கூடாது என்று எழுதினேன். வழக்கமாக நான் திட்டி எழுதும் அளவுக்குத் திட்டவில்லை. திட்டுவதற்கும் எதிரில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி தோன்ற வேண்டும்.

'ஷ்யூர் மேம், உங்க சாய்ஸ்' என்று பதில் வந்தது. பக்கத்தில் கை கூப்பும் பொம்மை ஒன்று.

அந்த வேலை மழையின் காதலிக்குப் போனது. பிறகொரு நாள் அவளைப் பார்த்தேன், போனில்தான். தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு, யாருமே இல்லாத பக்கம் பார்த்துச் சிரித்தபடி, கை நிறையச் சாமையை அள்ளி, இதுதான் எங்கள் தினை என்றாள். நானாக இருந்தால் அதைச் சரியாகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். நினைத்த மறுகணம் என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அதைச் சரியாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சென்னையில் பழைய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன், வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது அங்கே எனக்கு வேறு பிரிவு. வலைப்பூ எழுதுகிறவர்களுக்கும் படம் போடுகிறவர்களுக்கும் மீடியா கிட் தயாரித்துக் கொடுக்கும் பிரிவு. அவர்கள் கொண்டுவரும் எண்ணிக்கையைப் பார்த்ததும் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று எனக்குக் கண் பழகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேரைக் கதைசொல்லி ஆக்கிவிடுகிறேன். யாருடைய அம்மாவையும் தொடுவதில்லை, அது ஒன்றுதான் நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு.

நான் சென்னைக்குக் கிளம்பும் முன், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம், வியாபாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். அப்பா ஜன்னலடியிலேயே நாற்காலியில் இருந்தார். அவர்கள் பேசுவதைக் கேட்டபடி நான் உள்ளே துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கொடியெல்லாம் இந்த வருசம் எப்பிடிங்க?"

"ஏதோ கெடக்குதுங்க," என்றார் அப்பா.

வியாபாரி எழுந்து வந்து ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, குத்தகையை அவராகவே கொஞ்சம் கூட்டிச் சொன்னார். கூட்டிக்கொள்ளத் தெரிந்தவர். அப்பா தலையசைத்தார். பத்திரம் வெளியே வந்தது. பேச்சு முடிந்துவிட்டதால், மரியாதைக்கு என்னைப் பற்றி விசாரித்தார்.

"பாப்பா மறுக்காவும் சென்னைக்கே போவுதுங்களா?"

"ஆமாங்க," என்றார் அம்மா.

"என்ன வேலைங்க?"

"எழுதற வேலைங்க."

"எழுதறதுன்னா... எப்பிடிங்க, நல்லா எழுதுமுங்களா?"

அம்மா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினார். நான் கதவருகில் வந்து நிற்பதை அவர் பார்க்கவில்லை.

"பரவால்லீங்க," என்றார்.

வியாபாரி பத்திரத்தை விரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், பிறகு கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அப்பிடிங்களா?" என்றார். "அவ்வளவு நல்லா எழுதற புள்ளைய எதுக்குங்க கீழ அனுப்பறீங்க?"

அப்பா பேனாவுக்குக் கை நீட்டினார்.